நீலத்தின் பிறந்தகம்

நிறங்களுக்கும் மனிதரைப் போலவே குணம் உண்டு. சிவப்பு முன்னே வந்து நின்று உரக்கப் பேசும். மஞ்சள் மங்கல வீட்டின் வாயிலில் நின்று சிரிக்கும். பச்சை களைத்த கண்ணுக்கு ஆறுதல் அளிக்கும். நீலமோ சற்று விலகியே நிற்கும். தலைக்கு மேல் வானமாகவும், கண்ணுக்கெட்டிய தொலைவில் கடலாகவும், அடிவானத்தில் மலையாகவும் அது நம்மைச் சூழ்ந்திருக்கிறது. ஆனால் அருகே சென்றால் அகப்படுவதில்லை. கடல் நீரைக் கையில் அள்ளினால் அதில் நீலம் இல்லை. நீலமாய்த் தோன்றிய மலை, அடிவாரத்தை அடைந்ததும் பச்சையும் பாறையுமாய் மாறிவிடுகிறது. மயிலின் கழுத்தில் ஒளிரும் நீலங்கூடச் சாயமன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி புரியும் விளையாட்டே அது. அவ்விறகைப் பொடியாக்கினால் எஞ்சுவது வெறும் பழுப்பே. நாம் உண்ணும் பொருள்களில் நீலம் மிக அரிது. பூக்களிலும் சங்குப்பூ, குறிஞ்சி என விரல்விட்டு எண்ணும் சிலவே அந்நிறத்தைத் தாங்கி நிற்கின்றன.

அப்படியாயின், சாயக்காரர் துணியில் ஏற்றி, நாம் உடலில் உடுத்தும் நீலம் எங்கிருந்து வந்தது? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உலகம் வழங்கும் ‘இண்டிகோ’ என்ற பெயரே ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியே பிறந்ததுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி இப்பொருளைக் குறிப்பிட்டு எழுதியுள்ளார். போர்த்துக்கீசியர் அதனை ‘அனில்’ என்றனர். ‘நீலம்’ என்ற நம் நாட்டுச் சொல்லே அரபு வணிகர் நாவில் உருமாறி அவர்களைச் சென்றடைந்தது. பெயரிலேயே பிறந்தகத்தைச் சுமந்து செல்லும் நிறம் இது. அந்தப் பிறந்தகத்தின் ஒரு மூலை நம் சோழமண்டலக் கடற்கரையில் இன்றும் இருக்கிறது என்று கேள்வியுற்று, நாங்கள் அறுவர் இரண்டு நாள் பயணமாகப் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டோம்.

ஆற்றங்கரையில் ஒரு பழைய துறை

முதலில் அரிக்கமேடு சென்றோம். புதுச்சேரிக்குத் தெற்கே சிறிது தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை நோக்கி வளைந்து செல்லும் இடத்தில், மரங்கள் அடர்ந்த மேடு அது. பெயர் கேள்விப்படாதவர் கண்ணுக்கு அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்லியல் அறிஞர் அகழ்ந்தபோது, உரோமை நாட்டுடன் வாணிகம் செய்த துறையொன்று இங்கே இருந்ததற்கான சான்றுகள் வெளிப்பட்டன. அவற்றோடு செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் தென்பட்டன. மெல்லிய துணிகளுக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக அவை இருக்கலாம் என்று வீலர் கருதினார். அறிஞர் அனைவரும் அக்கருத்தை ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. எனினும் அத்துறையில் நின்றபோது, இக்கரையிலிருந்து எத்தனை மரக்கலங்கள் துணிப்பொதிகளோடு போயிருக்கும் என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை. அதே வீராம்பட்டினப் பகுதியில்தான், 18-ஆம் நூற்றாண்டில், கீழ்த்திசை நாடுகளில் கலகத்துக்கு அஞ்சித் தப்பி வந்த குருமாணவர்களுக்குப் பிரெஞ்சு வேதபோதகர்கள் குருமடம் நடத்தினர் என்பதும் நம் திருச்சபை வரலாற்றில் நினைக்கத்தக்கது.

அந்நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டிலும் புதுச்சேரித் துறையிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளுள் முதன்மையானது அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி. ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்குச் சென்றதால் பிரெஞ்சுக்காரர் அதனைக் ‘கினே’ என்றே அழைத்தனர். செனகால் ஆற்றங்கரையில் அத்துணி காசு போலவே செலவாணியாயிற்று. பாலைநில மக்கள் தங்கள் மரங்களில் வடியும் பிசினைக் கொண்டுவந்து கொடுத்து, இத்தனை துண்டு நீலத்துணி என்று எண்ணி வாங்கிச் சென்றனர். ஐரோப்பிய ஆலைகள் அதைப் போலவே நெய்து அனுப்பிய துணியை அவர்கள் விரும்பவில்லை. நம் ஊர்த் தறியில் நெய்து, நம் ஊர்த் தாழியில் தோய்ந்த நீலமே அவர்களுக்கு நீலம்.

இதைக் கேட்கும்போது நமக்குப் பெருமை எழுவது இயல்பே. ஆனால் அப்பெருமை முழுமையாக நிலைக்க வரலாறு இடங்கொடுப்பதில்லை. அதே ஆப்பிரிக்கக் கரையில் அதே நீலத்துணி மனிதரை விலைக்கு வாங்கவும் கொடுக்கப்பட்டது. இங்கே தறியில் அமர்ந்த ஏழை நெசவாளி, தான் நெய்த துணி எங்கே போய் எதற்கு ஈடாகிறது என்பதை அறிந்திருக்க மாட்டான். நீலத்துக்கு ஒரு வினோதக் குணம் உண்டு: அது தொட்டவர் மேல் ஒட்டிக்கொள்ளும். புதிய அவுரித் துணியை உடுத்தியவர் மேனியில் நீலம் படியும். சகாரா பாலைவனத்து மக்களுள் ஓர் இனத்தாரை ‘நீல மனிதர்’ என்று பிறர் அழைத்ததும் இதனால்தான். மேனியில் படிந்ததைக் கழுவிவிடலாம். வாணிகத்தின்மேல் படிந்தது அவ்வளவு எளிதில் போவதன்று.

தொட்டிக்குள் இறங்கிய கால்கள்

மறுநாள் விடியற்காலையில் திண்டிவனம் சாலையில் சென்றோம். இருமருங்கும் பனையும் சவுக்குத் தோப்பும், இடையிடையே ஏரிகளும், மணிலா பயிரிட்ட மேட்டு நிலங்களும் வந்து மறைந்தன. பழைய தென்னார்க்காடு மாவட்டமாயிருந்த இப்பகுதியில் ஒருகாலத்தில் அவுரி பரவலாய்ப் பயிராயிற்று. இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறிதே. பெருஞ்சாலையை விட்டு விலகி, வழி கேட்டுக் கேட்டு ஒரு சிற்றூரை அடைந்தோம்.

அவுரிக் கொல்லையைப் பார்த்ததும் எங்களுள் இளையவர்களுக்கு ஏமாற்றமே. இடுப்பளவு உயரமுள்ள செடி. புளிய இலையைப் போல வரிசையாய் அமைந்த சிற்றிலைகள். இலையிலும் நீலமில்லை, தண்டிலும் நீலமில்லை. சிறு பூக்கூட இளஞ்சிவப்பே. “இதிலா நீலம் இருக்கிறது?” என்று ஒரு சிறுவன் கேட்டான். இருக்கிறது, ஆனால் நீலமாக இல்லை. நிறமற்ற ஒரு பொருளாக, சர்க்கரையோடு பிணைந்து, இலைக்குள் ஒளிந்திருக்கிறது. விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் செடியை அறுக்கிறார்கள். விட்ட கட்டை மீண்டும் தழைக்கும்; மறுபடியும் அறுக்கலாம். பயறு இனத்தைச் சேர்ந்த செடியாதலால், நிலத்திலிருந்து எடுப்பதோடு நில்லாமல், வேரின் வழியே மண்ணுக்கு உரமும் சேர்க்கிறது. சாறு இறங்கிய தழையையும் வீணாக்காமல் வயலுக்கே எருவாய் இடுகிறார்கள். நம் நாட்டு மருத்துவர் இச்செடியை நச்சு முறிக்கும் மூலிகை என்று போற்றுவர்.

அறுத்த தழையைத் தாமதியாமல் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தொட்டிகள். மேல்தொட்டியில் தழையை அடுக்கி, மேலே கட்டைகளைப் பாரமாய் வைத்து, நீர் நிரப்பி, இரவு முழுவதும் ஊற விடுகிறார்கள். நாங்கள் சென்றபோது முந்திய நாள் ஊறவைத்த நீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டிருந்தனர். மஞ்சளும் பச்சையும் கலந்த நீர்; அழுகிய தழையின் கடும் நாற்றம். எங்களுடன் வந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

பிறகு நாலைந்து ஆடவர் அந்தத் தொட்டிக்குள் இறங்கினார்கள். வரிசையாய் நின்று, ஒரே தாளத்தில், காலால் நீரை உதைத்து உதைத்து மேலே எழுப்பினார்கள். நீரோடு காற்றைக் கலப்பதே இதன் நோக்கம். இலையிலிருந்து இறங்கிய அந்த நிறமற்ற பொருள், காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாய் இணைந்து நீலமாகிறது என்பர் வேதியியலார். முதலில் நுரை வெண்மையாயிருந்தது. பிறகு அதன் ஓரத்தில் இளநீலம் ஓடியது. பிறகு தொட்டி முழுவதும் பச்சை கருத்து, மழைக்கால இருளைப்போன்ற நீலமாயிற்று. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அந்தக் கால்கள் ஓயவில்லை.

கரையில் நின்ற ஒரு முதியவர், அவ்வப்போது குனிந்து நீரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும் ஐயா?” என்று கேட்டோம். “சீக்கிரம் நிறுத்தினா நீலம் தண்ணியிலேயே போயிடும், ரொம்ப அடிச்சாலும் கெட்டுப் போயிடும். பார்த்துப் பார்த்துத்தான் தெரியணுங்க. எங்க அப்பாரு பக்கத்துல பத்து வருஷம் நின்னேன்” என்றார்.

அடித்து முடிந்ததும் நீரை அசையாமல் விட்டுவிட்டார்கள். நீலம் மெல்ல மெல்ல அடியில் சேறாகப் படியும். மேல்நீரை வடித்து, அச்சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவார்கள். வண்டி வண்டியாய்த் தழை வந்தாலும் முடிவில் கிடைப்பது சில கிலோ நீலமே. நிழற்கொட்டகையில் அடுக்கியிருந்த கட்டிகளைப் பார்த்தோம். கரிய மண்ணாங்கட்டிகள் போலிருந்தன. முதியவர் ஒன்றை எடுத்து நகத்தால் தேய்த்தார். தேய்த்த இடத்தில் செம்பின் மினுக்கு தோன்றியது. நல்ல நீலத்துக்கு அதுவே அடையாளமாம்.

தொட்டியிலிருந்து ஏறியவர்களின் கால்கள் முழங்காலுக்கு மேல்வரை நீலமாயிருந்தன. “வீட்டுக்குப் போய்க் கழுவினால் போய்விடுமா?” என்று கேட்டோம். “நகத்துல போகாதுங்க” என்று ஒருவர் சிரித்தார். அந்த முதியவரிடம் அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தோம். “பசங்க படிச்சுட்டு வெளியூர்ல வேலைக்குப் போயிட்டானுங்க. இதுல இறங்க மாட்டானுங்க, இறங்கவும் வேணாம். ஆனா தொட்டி சும்மா கிடக்கிறதை நினைச்சா மனசு கேக்க மாட்டேங்குது” என்றார். இவ்விரண்டு சொற்களில் எதை நாம் பிழை என்று சொல்ல முடியும்? நாற்றத்தில் நின்று கால் கடுக்க உதைக்கும் வேலையை மகன் செய்ய வேண்டாம் என்று எண்ணுவது தந்தையின் அன்பு. தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த அறிவு தன்னோடு போய்விடுமே என்று வருந்துவதும் அதே நெஞ்சுதான்.

மூழ்கும்போது பச்சை, எழும்போது நீலம்

நீலக் கட்டி கையில் கிடைத்துவிட்டதாலேயே துணி நீலமாகிவிடாது. மற்றச் சாயங்களைப்போல் இதனை நீரில் கரைக்க இயலாது; எவ்வளவு கலக்கினாலும் தூளாய் மிதக்கும். துணியின் இழைக்குள் அது நுழைய வேண்டுமானால், முதலில் தன் நீலத்தை இழக்க வேண்டும். அதற்காக நம் நாட்டுச் சாயக்காரர் நிலத்தில் புதைத்த மண் தாழிகளில் நீலத்தை இட்டு, சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையை ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். சில நாளில் தாழிக்குள் காற்றின் ஆற்றல் அடங்கி, நீலம் மறைந்து, மஞ்சட்பச்சையான நீர் உண்டாகும். மேலே மட்டும் நீலப் படலம் மிதக்கும். நாள்தோறும் முகர்ந்தும் தொட்டும் நாவில் வைத்தும் தாழியைக் காத்தவர்கள் அவர்கள். குளிர் மிகுந்தால் தாழி சுணங்கும். கவனியாது விட்டால் கெட்டுவிடும். கைக்குழந்தையைப் பேணுவது போன்ற வேலை.

அந்த முறையை இன்னும் கைவிடாத ஒரு சாயப்பட்டறையில் இதனைக் கண்டோம். வெள்ளைத் துணியைத் தாழிக்குள் இறக்கிச் சிறிது நேரம் பொறுத்து வெளியே எடுத்தார்கள். எடுத்தபோது அது பச்சை. நாங்கள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்ட இடமெல்லாம் நீலம் பரவத் தொடங்கியது. யாரும் அதன்மேல் எதையும் பூசவில்லை. ஒருமுறை தோய்த்தால் வெளிர்நீலம். மீண்டும் மீண்டும் தோய்த்துத் தோய்த்து உலர்த்தினால்தான் ஆழ்ந்த நீலம். ஒரே முறையில் அடர்நீலம் வேண்டும் என்று அவசரப்பட்டு நெடுநேரம் ஊறவைத்தால் அது நிலைக்காது என்றார் சாயக்காரர். பொறுமை இல்லாதவர்க்கு நீலம் வசப்படாது என்பதை அந்தப் பட்டறையில் கண்ணாரக் கண்டோம்.

நீலத்துக்குக் கொடுத்த விலை

இத்தனை பொறுமை வேண்டும் நிறத்தைப் பேராசையின் வேகத்துக்கு இழுத்தபோது விளைந்த துயரத்தை நம் நாட்டு வரலாறு மறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் உழவர்க்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்கக் கட்டாயப்படுத்தினர். வாங்கிய கடன் தீர்ந்ததேயில்லை. தந்தையின் கடன் மகன் தலையில் விழுந்தது. மறுத்தவர்க்கு அடியும் சிறையும். 1859-இல் உழவர்கள் ‘இனி விதைக்க மாட்டோம்’ என்று எழுந்தனர். அடுத்த ஆண்டே தீனபந்து மித்ரா ‘நீல் தர்ப்பண்’ என்ற நாடகத்தில் அக்கொடுமையை எழுதிக் காட்டினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற ஆங்கிலிக்கன் சபைப் போதகர் 1861-இல் கல்கத்தா நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் என்ற வங்காளச் செல்வர் அங்கேயே கட்டினார். சிறைவாசத்தைப் போதகர் ஏற்றுக்கொண்டார். ஏழை உழவனுக்காக ஒரு கிறிஸ்தவ ஊழியரும் ஓர் இந்துப் பெருமகனாரும் ஒரே நீதிமன்றத்தில் இவ்வாறு ஒன்றுபட்டதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பின்னர் செருமனியில் நீலம் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்தது. அடோல்ப் பான் பேயர் என்ற வேதியியலார் பல்லாண்டு உழைத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1905-இல் நோபல் பரிசும் பெற்றார். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அந்நாளில் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 டன்னாக இருந்த செடி நீலம், 1914-க்குள் ஏறத்தாழ 1,000 டன்னாகச் சுருங்கிற்று. இதனால் உழவன் விடுதலை பெற்றானா? பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் ஒவ்வொரு பிகா நிலத்திலும் இருபதில் மூன்று பங்கில் அவுரி விதைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. விலை வீழ்ந்தபோது முதலாளிகள் தங்கள் நட்டத்தைக் குத்தகை உயர்வாக உழவர்மேலேயே சுமத்தினர். 1917-இல் காந்தியடிகள் அங்கே சென்று ஆயிரக்கணக்கான உழவரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். 1918-இல் அக்கட்டாயம் சட்டத்தால் ஒழிந்தது. இந்திய மண்ணில் அண்ணல் நடத்திய முதல் அறப்போரின் களம் நீலக் கொல்லைகளே.

இன்று உலகெங்கும் இளைஞர் அணியும் ‘ஜீன்ஸ்’ கால்சட்டையின் நீலமும் இதே பொருள்தான். ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி ஆலைகளில் செய்யப்படுவது. செடியில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்று கண்ணால் கண்டறிய இயலாது. எனவே நீலத்தின்மேல் பழி சொல்வதற்கில்லை; அதைக் கையாளும் மனிதன் நேர்மையுள்ளவனா என்பதே கேள்வி.

அன்னையின் ஆடை

திரும்பும் வழியில் விழுப்புரம் வழியாக வந்து, வில்லியனூரில் இறங்கினோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த லூர்து அன்னை திருத்தலம் அங்கே உள்ளது. மாலை நேரம், செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மக்களோடு நாங்களும் முழந்தாளிட்டோம். கால்கள் நீலமான அந்த உழைப்பாளிகளின் நினைவு நீங்காதிருந்ததாலோ என்னவோ, அன்னைக்கும் இந்நிறத்துக்கும் உள்ள உறவைப் பற்றியே அன்றிரவு எங்கள் பேச்சு இருந்தது.

மறைநூலில் நீலத்துக்குப் பழைய இடம் உண்டு. சந்திப்புக் கூடாரத்தின் திரைகளில் நீல நூல் இடம்பெற்றதை விடுதலைப் பயண நூல் சொல்கிறது. ஆடையின் ஓரக் குஞ்சத்தில் நீல நூல் ஒன்று இருக்கட்டும், அதைக் காணும்போது இறைவனின் கட்டளைகள் நினைவுக்கு வரட்டும் என்று எண்ணிக்கை நூலின் 15-ஆம் அதிகாரம் பணிக்கிறது. ஆடை முழுவதும் அல்ல. ஓரத்தில் ஒரே ஒரு நூல்! ஒருவகைக் கடல் நத்தையிலிருந்து எடுத்த அச்சாயமும் அவுரியின் நீலமும் அடிப்படையில் ஒரே பொருள் என்று இன்றைய ஆய்வாளர் கூறுகின்றனர்.

மேலைநாட்டுக் கலையில் 12-ஆம் நூற்றாண்டு முதல் நீலம் மரியன்னையின் நிறமாக நிலைபெற்றது. அதற்கு முன் மகனை இழந்த தாயின் துக்கத்தைக் காட்டும் கருமையான ஆடைகளே பெரும்பாலும் அன்னைக்கு உரியவையாயிருந்தன. பின்னாளில் ஓவியர் அன்னையின் போர்வைக்குத் தீட்டிய சிறந்த நீலம், ஆப்கானிஸ்தானத்துப் படக்சான் மலைச் சுரங்கங்களில் வெட்டிய கல்லிலிருந்து கிடைத்தது. கல்லைப் பொடித்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, சாம்பற்காரத்தில் அலசி அலசி எடுக்க வேண்டும். கடல் கடந்து வந்ததால் ‘கடலுக்கு அப்பாற்பட்டது’ என்றே அதற்குப் பெயர். பொன்னோடு ஒப்பிடத்தக்க விலை. ஆதலால் அன்னையின் ஆடைக்கு எத்தரமான நீலம் இட வேண்டும் என்பதை ஓவியரோடு செய்த ஒப்பந்தத்திலேயே எழுதுவதுண்டு. கிடைத்தவற்றுள் அரியதை அன்னைக்கு அளிக்க விரும்பிய அன்பு அது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவழிபாட்டில் வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா முதலிய நிறங்கள் உண்டு. நீலம் பொது வழக்கில் இல்லை. அமல உற்பவ விழாவில் நீலத் திருவுடை அணிய இசுபானிய நாட்டுக்கு 1864-இல் வழங்கிய தனிச்சலுகை போன்றவை விதிவிலக்குகளே. அன்னையின் திருநாளிலும் நம் குருக்கள் அணிவது வெள்ளையே. தன் அன்னையின் விழாவிலும் முன்னே வராமல் விலகி நிற்கிறது நீலம்! 1858-இல் லூர்து நகர்க் குகையில், ஏழை மாவு ஆலைக்காரரின் மகளான பெர்னதெத் கண்ட பெண்மணியும் வெள்ளுடையே அணிந்திருந்தார். நீலம் இடைக்கச்சையில் மட்டும் இருந்தது. நம் பங்குகளின் கெபிகளில் அச்சுருபத்தை நாள்தோறும் காண்கிறோம்.

கல்கத்தாவின் அன்னை தெரேசா 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் முதன்முதலாய் உடுத்திய வெள்ளைச் சேலையிலும் நீலம் கரையில் மூன்று கோடுகளாகவே இருந்தது. ஏழைப் பெண்கள் உடுத்தும் மலிவான பருத்திச் சேலை வகை அது. அவருடைய சகோதரிகள் உடுத்தும் சேலைகளை டிட்டாகரில் தொழுநோயால் துன்புற்றோர் நெய்து வருகின்றனர். ஒருகாலத்தில் பொன் விலை பெற்ற நிறம், சமுதாயம் ஒதுக்கியவர்களின் தறியில் ஏறி, தெருவில் கிடந்தோரைத் தூக்கியெடுத்தவர்களின் ஆடையில் கரையாக அமைந்தது. நீலத்துக்கு இதைவிட உயர்ந்த இடம் வேறு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டு நீலம்

படக்சான் கல்லுக்கு ஈடான நீலத்தை 1828-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுக் கிமே என்பவர் செயற்கையாகச் செய்யும் வழி கண்டார். அதனால் பொன் விலை நீலம் சில்லறைக் காசுக்குக் கடையில் கிடைக்கும் பொட்டலமாயிற்று. நம் தாய்மார் வெள்ளைத் துணியைத் துவைத்து, கடைசி அலசலில் ஒரு சிட்டிகை இட்டுப் பிழிந்தார்களே, அந்த நீலப்பொடிதான் அது! பின்னர் சொட்டு நீலம் வந்தது. பொருள் வேறாயினும் வேலை ஒன்றே. நாட்பட்ட வெள்ளையில் ஏறும் மஞ்சளை நீலம் தணிக்கிறது. துணி வெண்மையாய்த் தோன்றுகிறது. புதுநன்மை வாங்கும் பிள்ளையின் சட்டை, பீடச் சிறுவரின் அங்கி, பீடத்தின் மேல்விரிப்பு ஆகியவற்றைக் காண்போர் ‘எவ்வளவு வெண்மை!’ என்பார்களேயன்றி, ‘எவ்வளவு நல்ல நீலம்!’ என்று எவரும் சொல்வதில்லை. அளவு மிஞ்சிக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், நீலம் போட்டவருக்குத் திட்டுத்தான் கிடைக்கும்.

நம் குடும்பங்களிலும் இத்தகைய நீலங்கள் உண்டல்லவா? பிள்ளைகளின் பெயர் விளங்கத் தாம் கண்ணுக்குப் படாமல் உழைத்த தாய், கடைசி வரிசையில் நின்று கோயிலைப் பெருக்கி வரும் பெரியவர், தொட்டிக்குள் இறங்கி நின்று பிள்ளையைக் கரையேற்றிய தந்தை ஆகியோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது. அவர்களை உயிரோடிருக்கும்போதே அடையாளம் கண்டு நன்றி சொல்வது நம் கடமை.

மற்றொரு கடமையும் உண்டு. துணிக்கடையில் நாம் விலை பேசும்போது, அந்தத் துணியைத் தொட்ட கைகளும் கால்களும் நம் முன் வந்து நிற்பதில்லை. கைத்தறியும் இயற்கைச் சாயமும் விலை கூடுதலாய் இருப்பது ஏன் என்று எங்களுள் பலர் முன்பு முணுமுணுத்ததுண்டு. அந்தத் தொட்டிக் கரையில் இரண்டு மணிநேரம் நின்ற பிறகு அப்படிக் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. எல்லாக் குடும்பத்தாலும் அதை வாங்க இயலாது. இயன்றவர் வாங்கலாம், இயலாதவர், யார் உழைப்பில் நம் உடல் மறைகிறது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம். திண்டிவனம் பக்கம் செல்ல நேரும்போது, அறுவடைக் காலமாயின், அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். நாற்றத்துக்கு மூக்கை மூடுவார்கள், மூடட்டும். நுரை நீலமாகும் நேரத்தில் கையை எடுத்துவிடுவார்கள்.